ஆபிரகாமின் விசுவாசமும் பலவீனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபிரகாமின் கதை ஆதியாகமம் 11ஆம் அதிகாரத்தின் கடைசியில் தொடங்கி 25ஆம் அதிகாரத்தில் முடிகிறது. "விசுவாசிகளின் தகப்பன்" என்று பிரசங்கத்தில் கேட்டே பழகியவர்கள் இந்த அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்தால் திகைத்துப்போவார்கள். மனைவியைத் தங்கை என்று சொன்னவரும், பிள்ளை பெற்றுத் தந்த அடிமைப்பெண்ணை வனாந்தரத்துக்கு அனுப்பியவரும், தேவன் பேசிக்கொண்டிருக்கும்போதே சிரித்தவரும் இதே ஆபிரகாம்தான். வேதபாட வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

வசனங்களும் பெயர்களும் சீர்திருத்த சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி உள்ளன. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை வாசிக்கும் கத்தோலிக்கர்கள் ஆதியாகமத்தைத் தொடக்கநூல் என்றும், விசுவாசத்தை நம்பிக்கை என்றும், சாராளை சாரா என்றும் மாற்றிக்கொள்ளலாம். பழைய மொழிபெயர்ப்பு எல்லோரையும் அவன், அவள் என்றே சொல்லும். நாங்கள் ஆபிரகாமுக்கு "அவர்" போட்டால் அடிமைப்பெண் ஆகாருக்கும் "அவர்"தான் போடுவோம். புத்தகப் பெயர் இல்லாமல் வரும் எண்கள் ஆதியாகமத்தின் அதிகாரமும் வசனமும்.

கேள்வி: இந்தக் கதையை எப்படி வாசித்தால் குழப்பம் வராது?

ஒரு பென்சிலை எடுத்து ஓரத்தில் ஆபிரகாமின் வயதைக் குறித்துக்கொண்டே போங்கள். ஆரானை விட்டுப் புறப்படும்போது 75 (12:4). ஆகாரின் மகன் இஸ்மவேல் பிறக்கும்போது 86 (16:16). விருத்தசேதனத்தின்போது 99, சாராளின் மகன் ஈசாக்கு பிறக்கும்போது 100. சாராள் 127 வயதில் மரிக்கும்போது இவருக்கு 137. சாராள் பத்து வயது இளையவர் என்பது 17:17இல் தெரிகிறது. மரணம் 175இல்.

இதைக் குறிக்காமல் வாசிப்பவர்கள் தவறுவது ஒரே இடத்தில். 16ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கும் 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கும் நடுவே 13 வருஷம் இருக்கிறது. நமக்கு அது ஒரு வரி இடைவெளி. அவருக்கோ இஸ்மவேல் தவழ்ந்து, நடந்து, மீசை அரும்பும் வயதுக்கு வரும்வரை தேவன் பேசியதாக ஒரு எழுத்தும் இல்லாத காலம். கானானுக்கு வந்தபின் வாழ்ந்த நூறு வருஷத்தில் தேவன் அவரோடு பேசிய சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "தினமும் தேவனோடு பேசியவர், அவருக்கென்ன" என்று நினைத்துக்கொண்டு வாசித்தால் அவருடைய பயம் எதுவும் நமக்குப் புரியாது.

கேள்வி: பஞ்சம் வந்ததும் எகிப்துக்குப் போனது அவிசுவாசமா?

ஆதியாகமம் அப்படிச் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் நக்மனிதெஸ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: தேசத்தை விட்டுப் போனதும் பாவம், மனைவியை ஆபத்தில் தள்ளியதும் பாவம். முதல் பாதியில் நாங்கள் அவரோடு ஒத்துப்போகவில்லை. பிற்பாடு ஈசாக்கிடம் "எகிப்துக்குப் போகாதே" என்ற தேவன் (26:2) யாக்கோபிடம் "போகப் பயப்படாதே" என்கிறார் (46:3). ஆடுமாடுகளோடு மேய்ச்சலைத் தேடிப் போகிறவர் பஞ்சத்தில் நைல் நதிப் பக்கம் போவது இயல்பு. சிக்கல் பயணத்தில் இல்லை, எல்லையை நெருங்கும்போது, உன்னை என் சகோதரி என்று சொல் என்று மனைவியிடம் அவர் கேட்ட பேச்சில் இருக்கிறது.

கேள்வி: சாராள் நிஜமாகவே சகோதரிதானே? அப்படியானால் அது எப்படிப் பொய்யாகும்?

20:12இன்படி சாராள் அவருடைய தகப்பனுக்கு மகள், தாய்க்கு மகள் அல்ல. (இப்படிப்பட்ட உறவை லேவியராகமம் 18:9 பின்னர் தடைசெய்கிறது.) இதை வைத்துத்தான் அகுஸ்தீன், ஆபிரகாம் உண்மையை மறைத்தாரே தவிர பொய் சொல்லவில்லை என்று வாதாடினார். வக்கீல் வாதம் அது. "சகோதரி" என்ற சொல்லைக் கேட்பவன் "மனைவி இல்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அது சொல்லப்பட்டது.

12:13ஐ மெதுவாக வாசியுங்கள்: "உன்னிமித்தம் எனக்கு நன்மை உண்டாகும்படிக்கும், உன்னாலே என் உயிர் பிழைக்கும்படிக்கும்". இதில் சாராய்க்கு என்ன ஆகும் என்பது இல்லவே இல்லை. (17ஆம் அதிகாரத்தில் பெயர் மாறும்வரை சாராளின் பெயர் சாராய், ஆபிரகாமின் பெயர் ஆபிராம்.) மூன்று வசனம் தள்ளி "நன்மை" வந்து சேர்கிறது: ஆடுமாடுகள், கழுதைகள், வேலைக்காரர், வேலைக்காரிகள், கோளிகைக் கழுதைகள் (பெண் கழுதைகள்), ஒட்டகங்கள். அந்த நேரத்தில் சாராய் பார்வோனின் அரண்மனையில் இருக்கிறார். அதிகாரம் முழுவதிலும் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காரியத்தைச் சரிசெய்ததும் ஆபிராம் அல்ல. தேவன் பார்வோனின் வீட்டாரை வாதித்தார், பார்வோன் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பிவைத்தான். கண்டித்தபோது ஆபிராம் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை.

இந்த இடம் பழங்காலத்திலேயே உறுத்தியிருக்கிறது. சாக்கடல் சுருள்களில் 1947இல் கும்ரான் முதல் குகையில் கிடைத்த அரமேயச் சுருள் ஒன்று இதற்கு முன் ஒரு கனவைச் சேர்த்துவைக்கிறது. கேதுரு மரத்தை வெட்ட ஆட்கள் வருகிறார்கள், பக்கத்திலுள்ள பேரீச்ச மரம் பேசி அதைக் காப்பாற்றுகிறது. ஆபிராமின் திட்டத்துக்குத் தேவனே கனவில் குறிப்புக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. ஆதியாகமத்தில் அந்தக் கனவு இல்லை.

கேள்வி: ஒரு தடவை பட்டவர் கேராரில் ஏன் மறுபடியும் அதையே செய்தார்?

இந்தக் கேள்விக்குப் பதில் 20:13இல் அவர் வாயாலேயே வருகிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தகப்பன் வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலேயே, "நாம் போகும் இடமெங்கும் என்னைச் சகோதரன் என்று சொல்; இதுவே நீ எனக்குச் செய்யும் தயை" என்று சாராளிடம் கேட்டுவைத்தாராம். அப்படியானால் எகிப்தில் நடந்தது திடீர்ச் சறுக்கல் இல்லை. "உன் தேசத்தை விட்டுப் புறப்படு" என்ற சொல்லுக்குக் கீழ்ப்படிந்து கிளம்பிய அதே பெட்டியில் இந்த ஏற்பாட்டையும் மடித்து வைத்துக்கொண்டார். விசுவாசமும் பயமும் ஒன்றை ஒன்று துரத்தவில்லை. இருபத்துநான்கு வருஷம் ஒரே கூடாரத்தில் குடியிருந்தன.

எகிப்தைவிட இது மோசமான நேரமும்கூட. "அடுத்த வருஷம் இதே காலத்தில் சாராளுக்குக் குமாரன்" என்று வாக்கு வந்தது 17, 18ஆம் அதிகாரங்களில். ஈசாக்கு பிறப்பது 21இல். கேரார் சம்பவம் நடுவில், 20இல். கதையின் வரிசைப்படி, வாக்குப்பண்ணப்பட்ட பிள்ளையின் தாயாகப் போகிறவரை கேராரின் ராஜாவான அபிமெலேக்கின் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று அபிமெலேக்கு கேட்டதும், இவ்விடத்தில் தெய்வபயம் இல்லை, என்னைக் கொன்றுபோடுவார்கள் என்று எண்ணினேன் என்கிறார். உண்மையில் அன்று கேராரில் தெய்வத்துக்குப் பயந்தவன் அபிமெலேக்குதான். கனவில் தேவன் சொன்னதும் விடியற்காலையில் எழுந்து ஊழியக்காரரைக் கூட்டினான், அவர்களும் மிகவும் பயந்தார்கள் (20:8). ஆயிரம் வெள்ளிக்காசும் கொடுத்தான். "தெய்வபயம்" என்ற சொல்லை நினைவில் வையுங்கள், ஈசாக்கைப் பலியிடப் போகும் மோரியா மலையில் திரும்ப வரும்.

இன்னொன்று. தவறு செய்த இவரையே தேவன் "தீர்க்கதரிசி" என்கிறார், இவர் ஜெபித்தால்தான் அபிமெலேக்கு பிழைப்பான் என்கிறார். இவர் ஜெபித்ததும் அந்த வீட்டுப் பெண்களின் அடைபட்டிருந்த கர்ப்பம் திறக்கிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனங்களில் சாராள் கர்ப்பவதியாகிறார். இந்த அடுக்கை அமைத்தவருக்கு நல்ல கை.

கேள்வி: ஒரே சம்பவத்தை இரண்டு முறை எழுதிவிட்டார்களா?

12, 20, 26ஆம் அதிகாரங்களில் வருபவை மூன்றும் ஒரே மரபுக்கதையின் வெவ்வேறு வடிவங்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 26இல் ஈசாக்கும் கேராரில் தன் மனைவி ரெபெக்காளைச் சகோதரி என்கிறார். அவர் விஷயத்தில் பாதி உண்மைகூட இல்லை. எப்படி உருவானதாக இருந்தாலும், தொகுத்தவர்கள் மூன்றையும் வைத்திருக்கிறார்கள். முற்பிதாவின் மானத்தைக் காப்பது நோக்கமாயிருந்தால் ஒன்றையாவது வெட்டியிருப்பார்கள்.

கேள்வி: நான்கு ராஜாக்களைத் துரத்தியவர் இப்படிப் பயப்படுவாரா?

சகோதரன் மகன் லோத்து அந்த ராஜாக்களிடம் சிறைப்பட்டதும் வீட்டில் பிறந்து பயிற்சி பெற்ற 318 பேரோடு தாண் வரைக்கும், பிறகு தமஸ்குக்கு வடக்கே வரைக்கும் துரத்தினார். சோதோம் ராஜாவின் பொருளில் ஒரு பாதரட்சையின் வாரும் வேண்டாம் என்றார். பயந்த சுபாவம் உள்ளவர் இல்லை. பிறருக்காக என்றால் துணிவார், தன் உயிர் என்றால் கணக்குப் போடுவார். பார்வோன் கொடுத்ததை அவர் மறுத்ததாக எங்கும் இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கேள்வி: 15:6இல் "விசுவாசித்தான்" என்றால் என்ன? அதற்குப் பிறகு ஏன் சந்தேகம்?

எபிரெய வினைச்சொல் "ஹெஎமீன்", வேர் "அமன்". நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ஆமென் இதே வேரில் வந்தது. உறுதியாயிருப்பது, சாய்ந்துகொள்ளத் தாங்குவது என்ற பொருள். அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் ஆரோனும் ஊரும் தாங்கிப் பிடித்ததால் மோசேயின் கைகள் அசையாமல் நின்றனவே (யாத்திராகமம் 17:12), அங்கே அந்த உறுதிக்கு இருக்கும் சொல் "எமுனா", இதே வேர். ஆக 15:6இல் ஆபிராம் ஒரு கருத்தை ஒப்புக்கொண்டார் என்பதைவிட, தன் பாரத்தை ஓரிடத்தில் சாய்த்தார் என்பது நெருங்கிய பொருள். சாய்ந்திருப்பவனுக்கும் கால் நடுங்கலாம்.

நடுங்குகிறது. இரண்டே வசனம் தள்ளி, வாக்குப்பண்ணப்பட்ட தேசத்தைக் குறித்து "நான் அதைச் சுதந்தரித்துக்கொள்வதை எதினால் அறிவேன்" என்கிறார். கடிந்துகொள்ளுதல் இல்லை. மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு கொண்டுவரச் சொல்லப்படுகிறது. பறவைகள் தவிர மற்றவற்றை நடுவாகப் பிளந்து துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார். பிணந்தின்னும் பறவைகள் இறங்க இறங்க விரட்டுகிறார். இந்தச் சடங்கின் பொருள் எரேமியா 34:18இல் விளங்குகிறது: உடன்படிக்கை செய்பவர்கள் துண்டங்களின் நடுவே நடப்பார்கள், மீறினால் எனக்கும் இந்த கதி என்பது உள்ளர்த்தம். ஆனால் இங்கே நடப்பது புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும். ஆபிராம் அயர்ந்த நித்திரையில் கிடக்கிறார். அவரை நடக்கச் சொல்லவே இல்லை.

கேள்வி: ஆகாரைச் சேர்த்துக்கொண்டது அந்தக் காலத்து வழக்கம்தானே?

வழக்கம்தான். இராக்கின் கிர்குக் அருகே நூசியில் கிடைத்த களிமண் பலகைகளில், பிள்ளை பெறாத மனைவி கணவனுக்கு ஒரு அடிமைப்பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்ட திருமண ஒப்பந்தம் உண்டு. அம்முராபி சட்டத்தின் 146ஆம் பிரிவோ, பெண் பூசாரி ஒருத்தி இப்படிக் கொடுத்த அடிமைப்பெண் பிள்ளை பெற்றபின் எஜமானிக்குச் சமமாக நடந்தால் அவளை விற்கக் கூடாது, ஆனால் மறுபடி அடிமைகளோடு சேர்க்கலாம் என்கிறது. 16ஆம் அதிகாரத்தில் நடப்பதற்கு மிக நெருக்கம்.

வழக்கம் என்பதால் ஆதியாகமம் அதைச் சும்மா விடவில்லை. "சாராயின் வார்த்தைக்கு ஆபிராம் செவிகொடுத்தான்" என்கிறது 16:2. 3:17இல் ஆதாமுக்குச் சொன்னதும் "உன் மனைவியின் வார்த்தைக்குச் செவிகொடுத்து" என்பதே. அங்கே ஏவாள் கனியை எடுத்துப் புருஷனுக்குக் கொடுத்தாள். இங்கே சாராய் ஆகாரை அழைத்துப் புருஷனுக்குக் கொடுக்கிறார். மனைவி பேச்சைக் கேட்டால் கெடுதல் என்று இதிலிருந்து பிரசங்கிப்பவர்கள் 21:12ஐயும் வாசிக்க வேண்டும். அங்கே சாராள் சொல்வதையெல்லாம் கேள் என்று தேவனே சொல்கிறார்.

எங்கள் பார்வையில் ஆபிராமின் மிகப் பெரிய சறுக்கல் பிள்ளை பெற்றதில் இல்லை, 16:6இல் இருக்கிறது: "உன் அடிமைப்பெண் உன் கைக்குள் இருக்கிறாள், உன் பார்வைக்கு நலமானபடி அவளுக்குச் செய்". கர்ப்பிணியைக் கை கழுவி விடுகிறார். சாராய் ஆகாரைக் "கடினமாய் நடத்தினபடியால்" என்று தமிழில் வரும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல் "இன்னா". போன அதிகாரத்தில் ஆபிராமின் சந்ததி அந்நிய தேசத்தில் 400 வருஷம் "உபத்திரவப்படுவார்கள்" என்றபோதும் (15:13) அதே சொல்தான். அங்கே எகிப்தியர் எபிரெயரை ஒடுக்கப்போகிறார்கள், இங்கே எபிரெயப் பெண் எகிப்தியப் பெண்ணை ஒடுக்குகிறார். தமிழில் இரண்டு வெவ்வேறு சொற்கள் போட்டதால் இது நம் கண்ணில் படுவதில்லை. நக்மனிதெஸ் இங்கும் தயங்கவில்லை: நம் தாய் பாவம் செய்தாள், விட்டுக்கொடுத்த ஆபிராமும் செய்தான் என்கிறார்.

பார்வோன் கொடுத்த வேலைக்காரிகளில் ஒருவர்தான் ஆகார் என்று சொல்வதுண்டு. எகிப்தியர் என்பதால் பொருந்தும். எழுதப்படவில்லை.

கேள்வி: ஆபிரகாமும் சிரித்தார், சாராளும் சிரித்தார். சாராளை மட்டும் ஏன் கேட்டார்கள்?

17:17இல் ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்தார். நூறு வயதில் பிள்ளையா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு, வாயால் "இஸ்மவேல் உமக்கு முன்பாகப் பிழைப்பானாக" என்றார். கையில் இருப்பதே போதும் என்ற வேண்டுதல் அது. 18:12இல் சாராள் கூடாரவாசலில் நின்று உள்ளத்தில் நகைத்தார். "கர்த்தரால் ஆகாத காரியம் உண்டோ" என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. பயத்தில் சாராள் மறுக்க, "இல்லை, நீ நகைத்தாய்" என்று பதில்.

ஒன்றைக் கவனியுங்கள்: சாராள் ஏன் நகைத்தாள் என்ற கேள்வி கேட்கப்படுவது ஆபிரகாமிடம் (18:13). ஒரு வருஷத்துக்குள் பிள்ளை என்று அவருக்கு 17ஆம் அதிகாரத்திலேயே தெரியும். மனைவியிடம் சொல்லியிருந்தால் சாராள் அப்படி அதிர்ந்து சிரித்திருப்பாரா? சொன்னதாக எழுதப்படவில்லை. எபிரெயத்தில் சிரிப்புக்கான வேர் "த்ஸஹக்". ஈசாக்கு என்ற பெயரே அதிலிருந்துதான். இஸ்மவேல் "பரியாசம்பண்ணுகிறதை" சாராள் கண்டார் என்ற 21:9இலும் அதே வேர். ஒரே சொல் அவநம்பிக்கையாகவும் பெயராகவும் வீட்டுச் சண்டைக்குக் காரணமாகவும் ஆகிறது.

கேள்வி: சோதோமுக்காகப் பேரம் பேசியவர் சொந்த மகனுக்காக ஏன் வாய் திறக்கவில்லை?

தேவன் அழிக்கவிருந்த சோதோமுக்காக, இத்தனை நீதிமான்கள் இருந்தால் பட்டணத்தை விட்டுவிடுவீரா என்று 50இல் தொடங்கி 45, 40, 30, 20, 10 என்று ஆறு முறை கேட்டார், "தூளும் சாம்பலுமாயிருக்கிற" என்று தன்னைத் தாழ்த்திக்கொண்டே. ஈசாக்கைப் பலியிடு என்று தேவன் சொல்லும் 22ஆம் அதிகாரத்தில் ஒரு கேள்வியும் இல்லை. இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடையாது. கீழ்ப்படிதலின் உச்சம் என்பார்கள் பெரும்பாலோர். மன்றாடியிருக்க வேண்டிய இடத்தில் மௌனமானார் என்று சொல்லும் வாசகர்களும் உண்டு.

ஆகாரை அனுப்பிய காட்சியோடு சேர்த்து வாசித்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். 21:14இல் அதிகாலையில் எழுந்து அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து ஆகாரையும் பிள்ளையையும் அனுப்பினார். ஒட்டக மந்தை வைத்திருந்தவர் கொடுத்தது அவ்வளவே. தண்ணீர் தீர்ந்தது. 22:3இல் மறுபடி அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுகிறார், விறகு பிளக்கிறார். பெயெர்செபாவிலிருந்து மோரியாவுக்கு மூன்றாம் நாள். இரண்டாம் நாளாகமம் சொல்வதுபோல் மோரியா எருசலேம் என்றால் சுமார் 75 கிலோமீட்டர், நாளுக்கு 25. இரண்டு இடத்திலும் மகனின் உயிர் போகும் விளிம்பில் வானத்திலிருந்து தூதன் கூப்பிடுகிறான்.

வேலைக்காரரிடம் "திரும்பி வருவோம்" என்று பன்மையில் சொன்னதை எபிரெயர் 11:19இன் வெளிச்சத்தில் உயிர்த்தெழுதல் நம்பிக்கையாக வாசிப்பது வழக்கம். வேலைக்காரருக்குத் தெரியாமல் மறைத்த பேச்சு என்றும் வாசிக்கலாம். அவர் பழக்கம் நமக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஈசாக்கு சின்னக் குழந்தை என்று படம் வரைவது தவறு, தகனபலிக்கான கட்டைகளை மலைமேல் சுமந்தது அவர்தான்.

22:12இல் தூதன் சொல்வது: "நீ தேவனுக்குப் பயப்படுகிறவன் என்று இப்பொழுது அறிந்திருக்கிறேன்". கேராரில் பிறரிடம் இல்லை என்று அவர் சாதித்த அதே தெய்வபயம். "இப்பொழுது" என்ற சொல்லை விழுங்கிவிடாமல் வாசியுங்கள். அதற்குப்பின் தகப்பனும் மகனும் பேசிக்கொண்டதாக ஆதியாகமத்தில் ஒரு வரி இல்லை. சாராளின் மரணத்தின்போது ஆபிரகாம் எபிரோனுக்கு "வந்தான்" என்று வருகிறது. அதற்கு முன் அவர் குடியிருந்ததாகச் சொல்லப்பட்ட இடம் பெயெர்செபா.

கேள்வி: "விசுவாசத்தில் பலவீனமாயிருக்கவில்லை" என்கிறாரே பவுல்?

ரோமர் 4:19. நம் மொழிபெயர்ப்பில் தன் சரீரம் செத்துப்போனதை "எண்ணாதிருந்தான்" என்று முடிகிறது. ஆனால் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் "எண்ணிப்பார்த்தான்" என்றே இருக்கிறது, "இல்லை" என்ற சொல் வேறு பிரதிகளில்தான் வருகிறது. பொருள் தலைகீழாக மாறுவதாகத் தோன்றும், வாதம் மாறாது. முதுமையைக் கண்ணால் பார்த்தும் வாக்கை விடவில்லை என்பதே பவுல் சொல்வது. அவர் பேசுவது ஈசாக்கைப் பற்றிய வாக்கை. கேராரை அவர் எடுக்கவே இல்லை, அதனால் அவர் வசனத்தைக் கொண்டு கேராரை வெள்ளையடிக்க முடியாது.

கேள்வி: இஸ்லாமியர் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

இப்ராஹீம் நபிக்கு "கலீல்", அதாவது தோழர் என்று பெயர். எபிரோனை அரபியில் அல்-கலீல் என்பதும் அதனால்தான். புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் 2:23ம் அவரைத் தேவனுடைய சிநேகிதன் என்கிறது. நபிமார் பெரும் பாவங்களிலிருந்து காக்கப்பட்டவர்கள் என்பது அவர்கள் கோட்பாடு. ஆனாலும் சாராவைச் சகோதரி என்று சொன்ன செய்தி ஹதீஸிலும் இருக்கிறது. பலிக்குக் கொண்டுபோகப்பட்ட மகனின் பெயர் குர்ஆனில் இல்லை. இஸ்மாயீல் என்பது பெரும்பான்மைக் கருத்து.

கேள்வி: கடைசியில் இந்தக் குடும்பம் சமாதானமானதா?

சாராளை அடக்கம்பண்ண மக்பேலா குகையை ஏத்தியனான எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளிக்கு ஆபிரகாம் வாங்கியிருந்தார். யூதேயாவில் கிடைத்த எடைக்கற்களின் கணக்கில் ஏறக்குறைய நாலரைக் கிலோ. தேசம் முழுவதும் வாக்குப்பண்ணப்பட்டவர் காசு கொடுத்து வாங்கிய ஒரே நிலமாக 23ஆம் அதிகாரம் காட்டுவது இந்தக் கல்லறைதான். பிற்பாடு மனைவியாகக் கொண்ட கேத்தூராளின் ஆறு பிள்ளைகளையும் வெகுமதி கொடுத்துக் கிழக்கே அனுப்பிவிட்டார் (25:6). 175 வயதில் மரித்தபோது ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அவரை அந்தக் குகையில் அடக்கம்பண்ணினார்கள் (25:9). இருவர் பெயரும் அந்த வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இரண்டு வசனம் தள்ளி, ஈசாக்கு எங்கே குடியேறினார் என்று வருகிறது. கர்ப்பிணியாக ஓடிவந்த ஆகார் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று சொன்ன இடத்தில் ஒரு துரவு உண்டு, அதன் பெயர் லாகாய்ரோயீ. அதன் அருகில்.